இஸ்திரி போட்ட உயில்

2020 ஜூலை 9

தெருமுனையில் தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். ஆணி அடிக்கிற சத்தத்தில் காலைத் தூக்கம் போயிற்று. எதிர்வீட்டுத் தளவாய்க்குத்தான் காய்ச்சல். கடையை மூடிப்போடும் என்று மார்ச்சிலிருந்து படித்துப் படித்துச் சொன்னேன். பாத்திர வாடகைக் கடை. கல்யாணமே நடக்காத ஊரில் அண்டாவும் குண்டாவும் யாருக்கு வேண்டும்? "தெறந்து வெச்சாத்தான்வே கடைக்கு மூச்சு இருக்கும்" என்று தினமும் போய் உட்கார்ந்திருந்தார். இப்போது அவர் மாடி அறையில் கிடந்து இருமுகிறார். பாளையங்கோட்டை முழுவதும் நடமாடுகிறது, எங்கள் தெரு மட்டும் உள்ளே கிடக்கிறது.

பால் பாக்கெட்டை சோப்புத் தண்ணீரில் கழுவி வைத்தேன். பேப்பரை இஸ்திரி போட்டுத்தான் பிரிக்கிறேன். என் மனைவி உலகம்மாளுக்கு அது கேலி. "செய்தி வெந்துட்டு, வந்து சாப்பிடுங்க" என்கிறாள். சிரிக்கட்டும். யாருக்கு வந்தாலும் இந்த வீட்டுக்கு வராது.

2020 ஜூலை 11

தளவாய்க்கு சர்க்கரை வேறு. ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை, வீட்டிலேயே இருங்கள் என்று மாத்திரை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பார்த்துக்கொள்வது தங்கச்சி பேச்சிதான். புருஷன் விட்டுவிட்டுப் போனபின் அண்ணன் வீட்டுக்கு வந்தவள். தளவாயின் சம்சாரம் காலமானபோது மகன் குருவுக்கு நடக்கக்கூடத் தெரியாது. வளர்த்தது இவள். குரு இப்போது பெங்களூரில், கம்பெனியில் ஆள்குறைப்பு என்று கேள்வி.

எங்கள் பால்கனிக்கு நேர் எதிரே தளவாயின் மாடி ஜன்னல். அங்கே தாளித்தால் இங்கே தும்மல் வரும். அவ்வளவுதான் தெருவின் அகலம். அதனால் பால்கனிக் கதவைச் சாத்திவிட்டேன். சாமான் வாங்கக் கூடை இறக்க உலகு மட்டும் போகலாம், முகத்தில் துணி கட்டிக்கொண்டு.

2020 ஜூலை 13

தளவாய் போன் செய்தார். பேசுவதற்குள் மூச்சு வாங்குகிறது.

"நயினாரு, ஒரு உதவி. வீட்ட பேச்சி பேருக்கு எழுதி வெக்கலாம்னு பாக்கேன். நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவளுக்குச் சட்டப்படி ஒரு செங்கல் கெடையாதாம். வக்கீலம்மா சொல்லுதாக. மகன் ஒருத்தன் இருக்கையில தங்கச்சிக்கு எதுவும் வராதாம்."

"குருவுக்கு?"

"கடை அவனுக்கு. பேங்குல கெடக்கது அவனுக்கு. வீடு பேச்சிக்கு. அவன் வளந்ததே அவ மடியிலதான, ஒத்துக்கிடுவான். நீரு சாட்சி போடணும். இன்னொரு சாட்சி நம்ம பி.டி. மாஸ்டர் செல்லையா."

வக்கீல் மெஹருன்னிசா மேலப்பாளையத்துக்காரி. அவளையும் அதே அழைப்பில் சேர்த்துப் பேச வைத்தார். பதிவு ஆபீசுக்குப் போகிற நிலைமை இல்லை, கைப்பட எழுதிய உயிலே போதும் என்றாள். ஒரே நிபந்தனை. "ரெண்டு சாட்சியும் அவர் பார்க்கப் போடணும் சார். பக்கத்துல போய் நிக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரிஞ்சாப் போதும். நீங்க உங்க பால்கனில நின்னு போடுங்க, அவர் ஜன்னல்லருந்து பார்ப்பார். செல்லும்."

எனக்கே சொல்லித் தருகிறாள். காலேஜ் ஆபீசில் சூப்பிரண்டெண்டாக இருந்தவன் நான். அப்பா கையெழுத்து என்று பையன்கள் நீட்டுகிற பேப்பரை எத்தனை முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். அப்பாவைக் கூட்டிவா, என் முன்னால் போடச் சொல் என்பேன். தோட்ட வேலையை விட்டுவிட்டு வேட்டியில் சேறோடு வந்து நின்ற அப்பாக்கள் உண்டு. விதி என்றால் விதிதான்.

2020 ஜூலை 14

உயில் கூடையில் வந்தது. மாஸ்டர் மொட்டைமாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, தளவாய் பார்க்கப் பார்க்கப் போட்டுவிட்டாராம். அடுத்தது என் முறை.

உலகு கூடையை இழுத்து எடுத்தாள். நான் கையுறை போட்டு வாங்கினேன். அந்தக் காகிதத்தில் தளவாய் இருமியிருப்பார், எச்சில் தொட்டுப் புரட்டியிருப்பார். அப்படியே தொட நான் என்ன பைத்தியமா? இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணி ஒத்தி எடுத்தேன். அடியில் கொஞ்சம் கருகிவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை, எழுத்தெல்லாம் தெரிகிறது. வரி வரியாகப் படித்து, கையெழுத்துப் போட்டு, தேதி, முகவரி எல்லாம் எழுதினேன்.

நடுவில் தளவாயிடமிருந்து போன் பலமுறை வந்தது. கையுறையோடு எப்படி எடுப்பது? கடைசியில் உலகு எடுத்தாள். "அவுகளுக்குக் கால் வலி அண்ணாச்சி, எந்திரிக்க முடியல" என்றாள். நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். முந்தாநாள் முழங்கால் பிடித்துக்கொண்டது வாஸ்தவம்.

உயிலைக் கூடையிலேயே இறக்கியாயிற்று. பேச்சி கீழே நின்று வாங்கிக்கொண்டாள்.

2020 ஜூலை 15

கபசுரக் குடிநீர் இரண்டு வேளை. உலகு சரியாகப் பேசவில்லை.

2020 ஜூலை 18

ஆம்புலன்ஸ் வந்து தளவாயைக் கொண்டுபோனார்கள். தகரத்தைப் பிரித்துத்தான் ஸ்ட்ரெச்சரை வெளியே எடுத்தார்கள். பேச்சியை ஏற விடவில்லை. அவருடைய செருப்பைப் பையில் போட்டு வண்டிக்குள் நீட்டினாள். முழுக் கவச உடுப்பு மாட்டிய ஆள் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

2020 ஜூலை 22

தளவாய் போய்விட்டார். முகம்கூடக் காட்டவில்லை. குருவுக்கு இ-பாஸ் கிடைக்கவில்லை. பேச்சி வாசலில் உட்கார்ந்து அழுதாள், பக்கத்தில் போய் உட்கார ஆள் இல்லை. அவரவர் வாசலில் நின்று அழுதோம். நானும்தான். சாயங்காலமானால் கீழே நின்று "என்னவே நயினாரு, உசுரோட இருக்கீரா" என்று குரல் கொடுக்கிற மனுஷன். அந்தக் குரல் இனி கிடையாது.

2020 ஆகஸ்ட் 30

குரு வந்துவிட்டான். முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் அப்பன் கண். பேச்சி உயிலை எடுத்துக் காட்டியிருக்கிறாள். அவன் படித்துவிட்டு, போனில் போட்டோ எடுத்துக்கொண்டு, "சரி அத்தை" என்றானாம். போகும்போது சாப்பிடாமல் போனான் என்று அவளுக்கு மனக்குறை.

2021 மே 16

செல்லையா மாஸ்டர் காலமானார். ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரி வாசலில் ஆக்சிஜனுக்குக் காத்திருந்து, காரிலேயே. விசில் ஊதி தெருவுக்கே உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த ஆள். இந்தத் தடவை தகரம்கூட அடிக்கவில்லை. அடிப்பதென்றால் எத்தனை தெருவுக்குத்தான் அடிப்பார்கள்.

2021 நவம்பர் 3

பேச்சிக்குக் கோர்ட் நோட்டீஸ். வீட்டைக் காலி செய்து தரச் சொல்லி குரு வழக்குப் போட்டிருக்கிறான். உயில் செல்லாதாம், அப்பா கடும் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்த நேரத்தில் எழுதி வாங்கியதாம். அவனுக்கு அங்கே வேலை போய், தவணை கட்ட முடியாமல் பிளாட்டும் போய்விட்டது. கஷ்டம்தான். அதற்காக வளர்த்தவளைத் தெருவில் விடுவதா?

பேச்சி நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் படியில் நின்றாள்.

"அண்ணாச்சி, எனக்கு ஒண்ணும் வெளங்கல. எம்மேல அவன் கேஸ் போட்டிருக்கானா, இல்ல வேற பேச்சியா?"

"ஒன் மேலதான். பயப்படாத. நான் இருக்கேன்" என்றேன்.

2021 நவம்பர் 8

பேச்சியோடு வக்கீல் மெஹருன்னிசாவைப் போய்ப் பார்த்தேன். உயிலை விளக்கடியில் வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"மாஸ்டர் இல்ல. அப்போ எல்லாமே உங்க சாட்சிதான் சார். நீங்க கோர்ட்ல சொல்லித்தான் இது உயில். இல்லன்னா வெறும் காகிதம். அன்னைக்கு அவர் பார்க்கத்தானே போட்டீங்க?"

"பின்ன?" என்றேன்.

"பால்கனில நின்னு?"

"பால்கனில நின்னு."

பேச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இது என்ன கறை?" என்று கேட்டாள் வக்கீலம்மா. அண்ணன் டீ கிளாஸ் வைத்திருப்பார் என்றாள் பேச்சி. நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வக்கீலம்மாவிடம் முக்கியமான எதையும் நான் மறைக்கவில்லை. உயில் தளவாய் எழுதியது, கையெழுத்து தளவாயுடையது. என்னுடையது என்னுடையது. இதில் பொய் எங்கே இருக்கிறது?

2022 ஜூன் 20

கோர்ட்டிலேயே சமரச மையம் இருக்கிறது. இன்று இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசியிருக்கிறார்கள். குரு இறங்கி வந்திருக்கிறான். கீழ்ப் பின்கட்டில் அத்தை ஆயுசு உள்ளவரை இருக்கலாம். மாடியையும் முன்கட்டையும் வாடகைக்கு விட்டு அவன் பிழைத்துக்கொள்வான். அத்தைக்குப் பிறகு வீடு அவனுக்கு. இதைத் தீர்ப்பாகவே எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

பேச்சிக்குப் பாதி மனம் வந்துவிட்டது. "எனக்கு எதுக்கு அண்ணாச்சி முழு வீடு? ஒரு அடுப்பு, ஒரு பாய், குழாயடி. அவன் பிள்ளைகளக் கூட்டிட்டு லீவுக்கு வந்தான்னா நல்லதுதான?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒங்கண்ணன் எழுதி வெச்சத நீ விட்டுக்குடுப்பியா? அவன் எதுக்கு எறங்கி வாரான்? தோத்துருவோம்னு தெரிஞ்சு போச்சு, அதான். சாட்சி சொல்ல நான் கல்லு மாதிரி உக்காந்திருக்கேன், நீ எதுக்குப் பின்கட்டுல போய் ஒண்டணும்?"

"நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று எழுந்து போனாள்.

அவள் படி இறங்கியதும் உலகு அடுப்படியிலிருந்து வந்தாள்.

"அன்னைக்குத் தளவாய் அண்ணாச்சி அந்த ஜன்னல் கம்பியப் பிடிச்சிக்கிட்டு நின்னாரு. கூடைய எடுக்கப் போனப்போ பாத்தேன், திருப்பி எறக்கையிலயும் பாத்தேன். அப்பவும் நின்னுக்கிட்டுதான் இருந்தாரு. நீங்க வெளிய வரவே இல்ல. இத வக்கீலம்மாகிட்ட சொல்லுங்க. சொன்னா அவுகளே இவள சமாதானமாப் போகச் சொல்லிருவாக."

"கால் வலிச்சது."

"பயந்தீக. அது தப்பில்ல, ஊரே பயந்துச்சு. இப்போ எதுக்குப் பயப்படுதிய?"

சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். என்னிடம் இந்த மாதிரிப் பேச இவளுக்கு யார் உரிமை கொடுத்தது? சூப்பிரண்டெண்ட் நயினார் பார்க்காமல் சாட்சி போட்டான் என்று ஊர் பேசவா? வக்கீலம்மாவைப் பார்க்க வேண்டும். இந்த வாரம் முடியாது, முழங்காலுக்கு எண்ணெய் போடப் போக வேண்டும்.

2022 ஜூலை 4

சமரசம் முறிந்தது. பேச்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

2023 ஆகஸ்ட் 27

சாட்சி சொல்லத் தேதி வந்துவிட்டது. வாக்குமூலத்தை மனதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டேன். கூடை மேலே வந்தது. நான் பால்கனியில் நின்றேன். தளவாய் ஜன்னலில் நின்றார். அவர் பார்க்க நான் போட்டேன். அப்படியே இறக்கினேன். காகிதம் வீட்டுக்குள்ளேயே வரவில்லை.

இந்தக் கடைசி வரி நானாகச் சேர்த்தது. கேட்பவருக்குச் சந்தேகமே வராது.

உலகு கோர்ட்டுக்கு வர மாட்டேன் என்கிறாள்.

2023 ஆகஸ்ட் 28

காலையில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. வக்கீலம்மா கேட்டதற்கெல்லாம் தடங்கல் இல்லாமல் சொன்னேன். காகிதம் வீட்டுக்குள்ளேயே வரவில்லை என்றதும் நீதிபதி தலையை ஆட்டி எழுதிக்கொள்ளச் சொன்னார். பேச்சி பின் பெஞ்சில் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குரு அவளுக்கு எதிர்ப் பக்கம்.

குருவின் வக்கீல் சின்னப் பையன் மாதிரி இருந்தான். மரியாதையாகத்தான் கேட்டான். மூல உயிலை என் கையில் கொடுத்தான்.

"ஐயா, அடியில ஒரு பழுப்புக் கறை இருக்கே, அது என்ன?"

டீ கறை என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் அது வாயில் வரவில்லை. கோர்ட்டில் எல்லோரும் பார்க்கிறார்கள். அவ்வளவு பொய்யும் சொன்ன வாய்க்கு, எதற்கென்று தெரியவில்லை, ஒரு உண்மை வந்துவிட்டது.

"இஸ்திரிப் பெட்டி பட்டது" என்றேன். "கொரோனாவுக்காக."

"நல்லதுங்க ஐயா, எங்க வீட்லயும் செஞ்சோம். கையெழுத்துப் போட்ட பிறகு தேய்ச்சீங்களா, போடறதுக்கு முன்னாடியா?"

கீழே இறக்கிய காகிதத்தைப் பிறகு எப்படித் தேய்ப்பது? வீட்டுக்குள் வராத காகிதத்தை முன்னால்தான் எப்படித் தேய்ப்பது? வக்கீலம்மாவைப் பார்த்தேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"பிறகு" என்றேன்.

அவன் உயிலை வாங்கி நீதிபதியிடம் நீட்டினான். மாஸ்டர் கையெழுத்து கறை பட்ட இடத்தில் வெந்து மங்கிக் கிடக்கிறது. என் கையெழுத்து அதே கறையின் மேல் நீலம் பளிச்சென்று, நேற்றுப் போட்ட மாதிரி. தேய்த்த பிறகுதான் போட்டது என்று பார்த்தாலே தெரிகிறது.

"இஸ்திரிப் பெட்டி உங்க வீட்ல எங்க ஐயா இருக்கு? பால்கனிலயா?"

"உள்ளே. கட்டில் பக்கத்தில்."

"அப்போ நீங்க கையெழுத்துப் போட்டதும் அங்கதான். தளவாய் பார்க்கல. நீங்களும் அவரப் பார்க்கல. இல்ல, இந்தக் கையெழுத்தே பின்னால எப்பவோ அந்தம்மா கேட்டுப் போட்டுக் கொடுத்ததா?"

"இல்ல, அன்னைக்கேதான், அன்னைக்கேதான்" என்று கத்தினேன். நீதிபதி மெதுவாகப் பேசச் சொன்னார்.

வெளியே வேப்பமரத்தடியில் வக்கீலம்மா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "சமரசத்துக்கு முன்னாடி இத எங்கிட்ட சொல்ல ஒங்களுக்கு எவ்வளவு நாள் இருந்துச்சு சார்?"

பேச்சி பஸ்ஸில் பெண்கள் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தது அவள்தான்.

2023 டிசம்பர் 1

தீர்ப்பு. சாட்சி நம்பத் தகுந்தவர் அல்ல. உயில் நிரூபிக்கப்படவில்லை. பேச்சி வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும்.

அப்பீல் போகலாமா என்று கேட்டேன். "போகலாம். ஆனா நீங்க சொன்னது பதிவாயிருக்கே, அத யாரு அழிக்கிறது?" என்றாள் வக்கீலம்மா.

2023 டிசம்பர் 4

பால் வாங்கப் போனேன். "பேச்சி தானே எழுதிக்கிட்டாளாம்லா, கோர்ட்டுல புடிச்சிட்டாவளாம்" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார்கள். அது அவள் எழுதியதில்லை, தளவாய் எழுதியது, எனக்குத் தெரியும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். நான் சொன்னால் இனி யார் நம்புவார்கள்? பாலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இதைவிடச் சாவு நல்லது என்று தோன்றியது.

2024 ஜனவரி 21

பேச்சி போகிறாள். நாகர்கோவிலில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சமையலுக்கு ஆள் வேண்டுமாம். இந்த வயதில். குரு சாவி வாங்க வந்திருந்தான். "அத்தை, இன்னும் ரெண்டு மாசம் இருந்துட்டுப் போங்க" என்றான். கண் கலங்கித்தான் இருந்தது. "திருடின்னு பேர் வாங்கினப்புறம் எதுக்குய்யா இருக்கணும்" என்றாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

உலகுவிடம் சொல்லிக்கொள்ள மேலே வந்தாள். இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில்தான் இஸ்திரிப் பெட்டி இருந்தது. காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

என்னிடமும் வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"அண்ணாச்சி, அன்னைக்கு எங்கண்ணனப் படுக்கச் சொல்லிச் சொல்லிப் பாத்தேன். 'பொறுட்டி, நயினாரு இப்ப வெளிய வருவாரு'ன்னே நின்னாரு. நின்னதுல மூச்சு வாங்கி, அப்புறம் படுத்தவருதான், ஆம்புலன்ஸ் வார வரைக்கும் எந்திரிக்கல. நீங்க வரலன்னு எனக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"தெரியும். ஆனா வக்கீல் வீட்டுல பால்கனில நின்னேன்னு சொன்னியளா? நாந்தான் அடுப்படிக்கும் மாடிக்கும் அலைஞ்சேன், நான் பாக்காத நேரத்துல வந்திருப்பியன்னு நெனச்சுக்கிட்டேன். நீங்க பொய் சொல்லுவியன்னு எனக்குத் தோணவே இல்ல."

பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். உலகு கூடவே ஆட்டோ வரை போனாள். நான் பால்கனிக் கதவு வரைக்கும் போனேன். தாழ்ப்பாளில் கை வைத்தேன். பிறகு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

2024 ஜூன் 12

எதிர்வீடு விலை முடிந்துவிட்டது. நாளைக்குப் பத்திரப் பதிவு. தரகர் வந்து, "தெருவுல பழைய ஆளு நீங்கதான் சார். சாட்சிக்கு ஒரு கையெழுத்து போடணும். ஆபீசுல அவுக முன்னால நின்னு போட்டாப் போதும்" என்று கூப்பிட்டார்.

கால் வலி என்று சொல்லிவிட்டேன்.